எந்தப் பிராணிக்கு?

செனாயில் குடியிருக்கும் ஒருவர் கைப்பேசியில் ‘பக்கத்தில் பெட் ஷாப்’ என்று தேடினால் வரைபடத்தில் பொட்டுப் பொட்டாகக் கடைகள் முளைக்கும். ‘குதிரைக்கான கடை’ என்று தேடினால் ஏதாவதொரு சவாரிப் பள்ளியின் பெயர் வரலாம், கடை வருவது அபூர்வம். இதைப் பார்த்ததும் நமக்குள் இரண்டு முடிவுகள் தாமாகவே உட்கார்ந்துகொள்ளும். நாய்க்கும் பூனைக்கும் வேண்டியதெல்லாம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது ஒன்று. குதிரைக்கு இந்தப் பக்கம் எதுவுமே கிடைக்காது என்பது இன்னொன்று. இரண்டுமே பாதிதான் சரி. டீ ஆறுவதற்குள் முடிகிற விஷயமில்லை இது, மெதுவாகவே போவோம்.

முதலில் ஊரைப் பார்ப்போம். ஜொகூரில், ஸ்கூடாய்க்கும் குலாய்க்கும் நடுவே, கூட்டரசு முதலாம் சாலையின் மேல் இருக்கிறது செனாய். ஒரு காலத்தில் சுற்றிலும் தோட்டங்கள். 1974இல் விமான நிலையம் வந்தது; பின்னால் தொழிற்சாலைகளும், அவற்றை ஒட்டித் தாமான் குடியிருப்புகளும் வந்தன. ஆகவே பிராணிகளுக்கான கடைகளும் இங்கே இரண்டு வகை. தோட்டத்திலும் கம்பத்திலும் கோழி, ஆடு, மாடு வளர்த்தவர்களுக்காக வந்தது தீவனக் கடை. உரம், பூச்சிமருந்து, மண்வெட்டியோடு தீவன மூட்டைகளும் அடுக்கியிருக்கும் அந்தப் பழைய கடையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். தாமான் வீடுகளில் நாய், பூனை, முயல் வளர்ப்பவர்களுக்காக வந்தது பெட் ஷாப். குளிர்சாதனம், கண்ணாடிக் கதவு, சின்னச் சின்னப் பொட்டலங்கள். இரண்டும் வேறு வேறு தொழில். ஒன்றில் கிடைப்பது மற்றதில் கிடைக்காது. ஒன்றில் இருப்பவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

பெட் ஷாப்பிலிருந்து தொடங்குவோம். மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிராணிகளை விற்பது, இனவிருத்தி செய்வது, தங்கவைத்துப் பார்த்துக்கொள்வது போன்ற தொழில்களுக்கு அந்தச் சட்டப்படி உரிமம் வேண்டும். கொடுமை செய்தது நிரூபணமானால் குறைந்தது 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு கடைக்குள் நுழைந்ததும் விலைப்பட்டியலுக்கு முன்னால் சுவரில் உரிமம் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கூண்டுகளைப் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணம் சுத்தமாக இருக்கிறதா, குட்டிகளின் கண்ணும் மூக்கும் ஒழுகாமல் இருக்கின்றனவா, அடித்தட்டில் நேற்றைய அழுக்கு கிடக்கிறதா. இதற்கு நிபுணத்துவம் வேண்டாம், கண் போதும். நாய்க்கு உரிமம் எடுப்பது வேறு கதை. அது ஊராட்சி மன்றத்தின் வேலை. செனாய்வாசிகளுக்கு அது குலாய் நகராண்மைக் கழகம்.

அடுத்து தீவனக் கடை. பிராணி வளர்க்கிற ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிற ஒரு தவறான எண்ணத்தை நாம் சந்திப்பது இங்கேதான். ‘தீவனம் தீவனம்தானே! சோளம், தவிடு, சோயாப் புண்ணாக்கு. கோழி தின்றால் என்ன, குதிரை தின்றால் என்ன?’ என்பது அந்த எண்ணம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மூட்டையைப் பிரித்தால் வாசனைகூட ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இந்த ஓர் எண்ணத்தால் செத்த குதிரைகள் உலகம் முழுக்க உண்டு.

காரணம் சோளமோ தவிடோ இல்லை, அதோடு கலந்து வரும் மருந்து. கோழிக்குடலில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும். ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணைகளில் அது புகுந்தால் கொட்டகையே காலியாகிவிடும். அதனால் கறிக்கோழித் தீவனங்கள் பலவற்றில் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகளைத் தொழிற்சாலையிலேயே கலந்துவிடுகிறார்கள். சில நாடுகளில் மாட்டுத் தீவனத்திலும் மொனென்சின் சேர்ப்பதுண்டு. கோழிக்கு அது நன்மை. மாடும் உரிய அளவில் தாங்கிக்கொள்ளும். குதிரையால் தாங்க முடியாது.

இந்த மருந்து என்ன செய்கிறது? உடம்பின் ஒவ்வொரு செல்லும் எந்த உப்பு உள்ளே வரலாம், எது வெளியே நிற்க வேண்டும் என்று ஓயாமல் கணக்குப் பார்த்தபடி இருக்கிறது. மொனென்சின் செல்லின் சுவரில் திருட்டு வழி வைக்கிறது. கோழிக்கூண்டு வேலியில் யாரோ ஓட்டை போட்டுவிட்டதுபோல, வெளியே நிற்க வேண்டியது உள்ளே புகுந்துவிடுகிறது. குடல் நுண்ணுயிர் இப்படித்தான் சாகிறது. உள்ளே போன மருந்தைக் கோழியின் உடல் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். குதிரையின் உடலுக்கு அந்த வேகம் இல்லை. அதற்குள் மருந்து இதயத் தசையில் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் மொனென்சின் போனால், அப்படித் தின்ற குதிரைகளில் பாதி செத்துவிடும். கோழிக்கு அதே நிலை வர ஏறக்குறைய 200 மில்லிகிராம் வேண்டும். சாலினோமைசின் இன்னும் கடுமை. குதிரைக்குக் கிலோவுக்கு 0.6 மில்லிகிராமே போதும். கறிக்கோழித் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் அளவில் சாலினோமைசின் கலப்பது வழக்கம். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஆபத்தான அளவு 300 மில்லிகிராம். அப்படியென்றால் ஐந்து கிலோ தீவனம். இரவில் அவிழ்த்துக்கொண்டு போய் மூட்டையில் வாய் வைக்கிற குதிரைக்கு ஐந்து கிலோ ஒன்றும் பெரிதில்லை. அதற்கும் குறைவாகத் தின்று பிழைத்துக்கொண்டாலும், இதயம் பழுதாகி ஓட முடியாமல் போவதுண்டு. இதற்கு மாற்றுமருந்து கிடையாது.

இந்த ஒன்று புரிந்துவிட்டால், ‘நல்ல கடை எது?’ என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிடும். ‘ஒரு மூட்டை தீவனம் கொடுங்கள்’ என்றதும் பில் போடுகிற கடை ஒருவகை. ‘எந்தப் பிராணிக்கு? வயதென்ன? இப்போது என்ன கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டுக் கை வைக்கிற கடை இன்னொருவகை. இரண்டாவது கடை நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதுதான் நமக்குப் பக்கத்துக் கடை.

மூட்டையைப் படிக்கவும் பழகிக்கொள்வோம். மலாயில் ‘அயாம்’ (கோழி), ‘லெம்பு’ (மாடு), ‘கம்பிங்’ (ஆடு), ‘கூடா’ (குதிரை) என்று எந்தப் பிராணிக்கு என்பது பெரிதாகவே அச்சாகியிருக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் சேர்மானங்கள், சேர்த்த மருந்து இருந்தால் அதன் பெயர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி. படிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். பல கடைகளில் திறந்த மூட்டையிலிருந்து டின்னால் அள்ளி, பிளாஸ்டிக் பையில் நிறுத்துக் கட்டிக் கொடுப்பார்கள். மலிவுதான், ஆனால் அப்படி வாங்கும்போது எழுத்தெல்லாம் கடையிலேயே நின்றுவிடுகிறது. நம் வீட்டுக்கு வருவது பெயரில்லாத தூள். அதே டின் காலையில் கோழி மூட்டைக்குள்ளும் போயிருக்கலாம். குதிரை வைத்திருப்பவர் தைத்த மூட்டையைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. குதிரையும் கோழியும் ஒரே வளாகத்தில் வளர்ந்தால் இரண்டு தீவனத்தையும் ஒரே அறையில் வைக்கவும் கூடாது. தீபாவளியை எண்ணி ஆடு வளர்ப்பவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை: வெள்ளாடு தாங்கும் செம்புச்சத்தைச் செம்மறி தாங்காது. இரண்டுக்கும் ஒரே மூட்டை ஆகாது.

‘எல்லாம் ஒன்றுதானே’ என்ற இதே எண்ணம் பெட் ஷாப்புக்குள்ளும் வேறு உருவத்தில் நடமாடுகிறது. நாயின் கழுத்தில் விடுகிற உண்ணிச் சொட்டுமருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது பிரச்சினையில்லை. ‘பூனை சின்னதுதானே, பாதி விடலாம்’ என்று விட்டால் பூனைக்கு நடுக்கம் கண்டு, வலிப்பு வந்து, உயிரே போகலாம். அதை உடைக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. நமக்குக் காய்ச்சல் வந்தால் போடுகிற பாராசிட்டமால் ஒரு மாத்திரையும் பூனையைக் கொல்லும். நாய் உணவையே பூனைக்கு மாதக்கணக்கில் போட்டால் டாரின் என்ற சத்துக் குறைந்து கண்ணும் இதயமும் கெடும். குதிரைக்கான புழுமருந்துப் பசை ஒரு குழாயில் ஐந்நூறு, அறுநூறு கிலோ உடம்புக்குக் கணக்கிட்ட மருந்து இருக்கிறது. ஐந்து கிலோ நாய்க்குக் கண்ணளவில் பிதுக்கிக் கொடுப்பது விளையாட்டில்லை. எந்தப் பிராணிக்கு என்ற கேள்வி மருந்திலும் உணவிலும் நம்மை விடுவதாக இல்லை.

கடைக்காரரையும் மருத்துவரையும் பிரித்துப் பார்ப்பது அடுத்த படி. முடி வெட்டி, குளிப்பாட்டி, நகம் நறுக்குகிறவர் திறமைசாலியாக இருக்கலாம். அவர் மருத்துவர் இல்லை. மலேசியாவில் 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்து, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழ் புதுப்பித்தவர்தான் வைத்தியம் பார்க்கலாம். கிளினிக்கில் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊசி போடுவது, அறுவை செய்வது, மயக்கம் கொடுப்பது இவையெல்லாம் அந்தக் கதவுக்கு அப்பால் நடக்க வேண்டியவை. கடையின் பின்னறையில் நடக்கிறதென்றால் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

தாமான் கிளினிக்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாய், பூனை பார்ப்பவர்கள். முயலோ பறவையோ ஆமையோ என்றால் ‘பார்ப்பீர்களா?’ என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆடு, மாடு என்றால் மாநிலக் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. வளர்ப்புமுறையையே படிக்க விரும்புகிறவர்களுக்கு, அதே துறையின் பயிற்சி நிலையம் ஜொகூருக்குள்ளேயே குளுவாங்கில் உண்டு. குதிரை என்றால் பெரிய பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் வேண்டும். அவருக்குக் கடைவரிசையில் பலகை தொங்காது. வண்டியில் மருந்துப்பெட்டியோடு லாயம் லாயமாகப் போகிறவர் அவர். பெரிய சிகிச்சைக்கு சிலாங்கூர் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. செனாயிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும்.

அந்தத் தூரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் ஏதாவது சிக்கிக்கொண்டால் மேலே வர வழியில்லை. வயிறு வலிக்கிற குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், முன்காலால் தரையைக் கீறும், படுத்து உருளும், சாணம் போடாது. இதைப் பார்த்த பிறகு மருத்துவரைத் தேட ஆரம்பித்தால் காலம் கடந்துவிடும். குதிரை வாங்குவதற்கு முன்னால் மருத்துவரைத் தேடுங்கள். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வருவாரா, வர முடியாவிட்டால் யாரைச் சொல்வார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி புல். குதிரை ஒரு நாளில் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் வரை உலர்தீனி தின்ன வேண்டும். 500 கிலோ குதிரைக்கு ஏழரை முதல் பத்துக் கிலோ. அதில் பெரும்பங்கு புல்லாக, உலர்புல்லாக இருக்க வேண்டும். மூட்டைத் தீவனம் தொட்டுக்கொள்ளத்தான். நம் பக்கம் நேப்பியர் புல் செழித்து வளரும். ஆனால் லாயங்களில் பயன்படும் தீமோத்தி, அல்ஃபால்ஃபா போன்ற உலர்புல் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. அதை எங்கே தேடுவது? முயல் வளர்ப்பவரிடம் கேளுங்கள். பெட் ஷாப்பில் முயலுக்கென்று கிலோக் கணக்கில் பொட்டலம் கட்டி விற்கிறார்களே, அந்தத் தீமோத்திப் புல்தான் குதிரைக்கும். பொட்டலத்தின் பின்பக்கம் இறக்குமதியாளர் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் கட்டுக் கட்டாக விற்பவரிடம் போய்ச் சேரலாம். முயல்காரரும் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு கட்டு வாங்கிப் பிரித்துக்கொண்டால் செலவு மிச்சம்.

வாங்கியதைக் காப்பாற்றுவது ஜொகூர் ஈரத்தில் தனி வேலை. கட்டைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் மரப்பலகை மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிரிக்கும்போது தூசி புகைபோலக் கிளம்பினாலோ, மக்கல் வாடை அடித்தாலோ, நடுவில் சாம்பல் பூத்திருந்தாலோ அது பூஞ்சை. பூஞ்சை பிடித்த சோளம் குதிரையின் மூளையையே பாதிக்கும். பணம் போனால் போகிறதென்று தூக்கி எறிய வேண்டியதுதான்.

கடைசியாக லாடம் அடிப்பவர். குதிரையின் குளம்பு நம் நகம் மாதிரியே வளர்ந்துகொண்டிருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். லாடம் போட்டிருந்தால் அதையும் கழற்றி மாற்ற வேண்டும். இவருக்கும் கடை கிடையாது; குதிரைகள் இருக்கும் இடம்தான் இவருக்கும் இடம். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு ரேஸ்கோர்ஸ் ரோடு தெரியாமல் இருக்காது. அந்தத் தெருவுக்குப் பெயர் கொடுத்த பந்தயத்திடலில் 1843இலிருந்து குதிரைகள் ஓடின. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது, பிறகு ஜொகூருக்கு நேர் எதிரே கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு அதுவும் நின்றது. பந்தயத்திடல் என்பது ஓடுகளம் மட்டுமில்லை. மருத்துவர், லாடக்காரர், சேணம் தைப்பவர், புல் விற்பவர் எல்லாரும் ஒரே மதிலுக்குள் கிடைத்த இடம் அது. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசாமி கோவில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும்போதும் இதே கதைதான்; குதிரை வரும் இடத்துக்குத் தொழிலாளியும் வருவார்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது, குதிரைகள் எங்கே நிற்கின்றனவோ அங்கே போவது. தேடலில் வந்த அந்தச் சவாரிப் பள்ளிதான் நமக்கு வாசல். ‘உங்கள் குதிரைக்கு யார் லாடம் அடிக்கிறார்? அடுத்த முறை எப்போது வருகிறார்?’ என்று கேளுங்கள். ஒரு லாடக்காரர் பத்து இடத்துக்கு முறை வைத்துப் போவார். அந்த முறையில் பதினோராவது ஆளாக நாமும் சேர்ந்துகொண்டால், ஒரு குதிரைக்காக அவர் தனியே வர வேண்டியதில்லை. நமக்கும் கூலி குறையும். பல் ராவுபவர், புல் கொண்டு வரும் லாரி, மருத்துவரின் சுற்று எல்லாமே இப்படித்தான் ஓடுகின்றன. பழைய சேணமும் கடிவாளமும்கூட லாயங்களில்தான் கைமாறும். சேணத்தை மட்டும் குதிரையின் முதுகில் வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஒரு குதிரைக்குப் பொருந்தியது இன்னொன்றின் முதுகைப் புண்ணாக்கும்.

நாய், பூனையை ஊருக்குப் போகும்போது விட்டுச் செல்லும் தங்குமிடத்துக்கும் இதே அளவுகோல்தான். தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிற இடம், பக்கத்துக் கூண்டு நாயிடமும் அதைக் கேட்டிருக்காது. என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், மருத்துவர் யார் என்று நம்மைத் துளைத்தெடுக்கிற இடத்தில் நிம்மதியாக விட்டுப் போகலாம். சிங்கப்பூரில் மலிவு, இங்கே மலிவு என்று பாலத்தைத் தாண்டிப் பிராணியைக் கொண்டுபோய் வர நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பைக்குள் உட்கார்ந்திருக்கும் பூனைக்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும்.

இன்றைக்கே ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்: மருத்துவர், இரவு மருத்துவர், தீவனக் கடை, குதிரை இருந்தால் லாடக்காரர். அந்தத் தாளைப் பக்கத்து வீட்டில் புதிதாகப் பூனை வளர்க்கிறவருக்கும் ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, ‘எந்தப் பிராணிக்கு?’ என்று கடைக்காரர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். சொல்லியும் அதே மூட்டையை நீட்டினால், வேறு கடைக்குப் போங்கள்.